ஈறு

2003இல் அம்மா எனக்கு ஒரு கிட்னி கொடுத்தாள். அதை என் உடம்பு துரத்தாமல் இருக்க சைக்ளோஸ்போரின் தந்தார்கள். குமட்டுகிற வாடை அந்த மாத்திரைக்கு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். நாலைந்து மாதத்தில் முன்பல் இடுக்குகளில் ஈறு மொட்டு மொட்டாகத் தடித்தது. வருஷம் திரும்புவதற்குள் பாதிப் பல்லை மூடிவிட்டது. சோறு மென்றால் ரத்தம்.

தனியார் பல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். சீட்டில் காலனி என்று இருந்ததைப் படித்தவர், தள்ளி நின்றே டார்ச் அடித்தார்.

"பல்லு வெளக்குற பழக்கமே கெடயாதா ஒங்க பக்கமெல்லாம்?"

"ரெண்டு வேளையும் வெளக்குறான் சாமி" என்றாள் அம்மா. அந்தச் 'சாமி'தான் எனக்கு ஈறைவிட வலித்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவி அதைத்தான் முதலில் கேட்டது. "இது ரெண்டும் சேந்தா ஈறு இப்படி வளரும்ணே. எல்லாருக்கும் வராது, ஒங்களுக்கு வந்திருக்கு." வலிப்புக்குத் தருகிற ஃபெனிடாயினாலும் இப்படி ஆகும், 1939லேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றது.

பல்லில் படியும் அழுக்கு இதைக் கூட்டும் என்பது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தடித்த ஈறுக்கு அடியில் பிரஷ் போகாது, பட்டால் ரத்தம், அதனாலேயே அழுக்கு சேரும். மருந்து செய்த வேலையைப் பிறப்பின் குணமாகப் படிக்கிற கண்ணை எந்தக் கல்லூரி கொடுக்கிறது?

"அந்த மாத்திரைய விட்டுத் தொலைடா" என்றார் பெரியப்பா. விட்டால் அம்மா கொடுத்தது போய்விடும். நாமாக நிறுத்தவே கூடாது.

கல்லூரியில் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அம்லோடிபினை மாற்றச் சொல்லி கிட்னி டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்கள். சில நாளைக்கு அசித்ரோமைசின். அதே இனத்து எரித்ரோமைசின் ஆகாது, சைக்ளோஸ்போரினை ரத்தத்தில் ஏற்றிக் கிட்னியையே கெடுக்கும். அப்புறமும் வடியாத சதையை மரத்துப்போக ஊசி போட்டு வெட்டினார்கள். அதே மருந்தைத் தொடர்ந்தால் திரும்ப வளரும் என்பதால் கிட்னி டாக்டர் டாக்ரோலிமஸுக்கு மாற்றினார். அதில் ஈறு இந்த அளவுக்கு வளர்வதில்லை, ஆனால் சர்க்கரை வரலாம். எனக்கு வந்தது. யாருக்கு எது என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் காட்டப் போகிறேன். முதலில் மாத்திரைச் சீட்டை நீட்டுவேன். அவர்கள் அதைப் படித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.