மூணுகண்ணன் பர்ஸ்

அம்பத்தூரில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர் வருஷத்தில் எத்தனை நாள் அடிக்கும்? மார்கழியில் ஒரு பத்து நாள். அதுவும் விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தருக்குத் தெருவே சேர்ந்து "ஸ்வெட்டர் அக்கா" என்று பேர் வைத்திருக்கிறது. இதில் தமாஷ் என்னவென்றால், அந்த அக்கா இதுவரை ஒரு ஸ்வெட்டர்கூடப் பின்னியது கிடையாது. கையில் எப்பவும் ஒரு கொக்கி ஊசியும் உல்லன் உருண்டையும் இருக்கும். அதைப் பார்த்தே பேர் வைத்துவிட்டார்கள் :-)

அக்கா பின்னுவது பர்ஸ். குழந்தைகள் சில்லறை போட்டு வைக்கிற சின்ன பர்ஸ். ஆனால் பார்க்க பர்ஸ் மாதிரியே இருக்காது. பச்சைக் கலரில் உருண்டையான உடம்பு, தலையில் ரெண்டு கொம்பு, நெற்றியில் எக்ஸ்ட்ராவாக ஒரு கண், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் வாய். அந்த வாய்தான் ஜிப். திறந்தால் காசை முழுங்கும். மூடினால் மேலே நாலு, கீழே நாலு வெள்ளைப் பல் தெரியும். ஆவடி, பட்டாபிராம் பக்கம் புதுசாக எழும்புகிற வீடுகளின் முன்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை தொங்குமே, அதைக் குட்டியாக்கி, கொஞ்சம் சிரிக்க வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான்.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது என்பது சுவாரஸ்யமான கதை. அக்காவின் பெண் ரெண்டாம் வகுப்பு. சோறு ஊட்டும்போது பாட்டி, "சாப்பிடலேன்னா மூணுகண்ணன் வந்து புடிச்சிட்டுப் போயிடுவான்" என்று பயமுறுத்துவது வழக்கம். சோறு இறங்கியது வாஸ்தவம்தான். கூடவே ராத்திரி தனியாக பாத்ரூம் போகிற தைரியமும் இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம், ஸ்கூலுக்குக் கொடுத்து அனுப்புகிற காசெல்லாம் பையின் ஓட்டை வழியாகத் தொலைந்துகொண்டே இருந்தது.

அக்கா ரெண்டையும் ஒரே ஊசியில் முடிச்சுப் போட்டார். மூன்று நாள் கழித்து அந்தப் பச்சை உருண்டையைப் பெண்ணின் கையில் கொடுத்து, "இவன்தான் மூணுகண்ணன். இனிமே உன் காசுக்கு இவன்தான் வாட்ச்மேன்" என்றார். குழந்தை முதலில் தொடவே இல்லை. அப்புறம் ஒரு விரலை மட்டும் வாய்க்குள் விட்டுப் பார்த்தது. கடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி மூணுகண்ணன் தலையணைக்கு அடியில் தூங்கினான். பாட்டிதான் பாவம், மறுநாளிலிருந்து வேற பூச்சாண்டி தேட வேண்டியதாகிவிட்டது.

சரி, இதை எப்படிப் பின்னுகிறார்கள்? இந்த வேலைக்கு குரோஷா என்று பேர். ரெண்டு ஊசி வைத்துப் பின்னுகிற நிட்டிங் வேறு, ஒரே கொக்கி ஊசியில் பின்னுகிற குரோஷா வேறு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு டிவிக்கு மேல் வெள்ளையாக ஒரு பூ வேலைத் துணி விரித்திருப்பார்களே, அது பெரும்பாலும் குரோஷாதான். இந்த மாதிரி உருண்டை பொம்மைகள் பின்னுவதை ஜப்பான்காரர்கள் அமிகுருமி என்கிறார்கள்.

கணக்கு ரொம்ப சிம்பிள். முதலில் ஒரு நூல் வளையம், அதற்குள் 6 பின்னல். அடுத்த சுற்றில் 12. அதற்கடுத்து 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது சுற்றில் 48. இப்போது கையில் ஒரு தட்டையான வட்டம் இருக்கும். அதற்குப் பிறகு கூட்டாமல் பத்து சுற்று போனால் வட்டம் கிண்ணமாக நிமிரும். நடுவில் ஒரு சுற்றில் மட்டும் 20 பின்னலைத் தாண்டிவிட்டு, பதிலுக்கு 20 சங்கிலி போட்டால் அங்கே ஒரு பிளவு விழும். அதுதான் வாய். கடைசியில் 42, 36, 30 என்று குறைத்துக்கொண்டே வந்து தலையை மூட வேண்டும். மொத்தம் 25 சுற்று. உடம்புக்கு மட்டும் எண்ணூற்று அறுபது பின்னலுக்கு மேல். நடுவில் காலிங் பெல் அடித்து எண்ணிக்கை விட்டுப்போனால், அந்தச் சுற்றைப் பிரித்துவிட்டு மறுபடி. சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரிய அக்கா ஒரு ஊக்கு குத்தி வைத்துக்கொள்வார்.

இதோடு முடியவில்லை. கொம்பு ரெண்டு, கை கால் நாலு, பல் எட்டு, கண் மூன்று எல்லாம் தனித்தனியாகப் பின்னித் தைக்க வேண்டும். கண்ணுக்கு பட்டன் வைத்தால் அஞ்சு நிமிஷத்தில் வேலை முடியும். ஆனால் வீட்டில் தவழுகிற தம்பி தங்கை இருந்தால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்று அக்கா பட்டன் பக்கமே போவதில்லை. உள்ளே துணியில் ஒரு பை தைத்து வைக்காவிட்டாலும் ஆபத்து. குரோஷா இழுத்தால் விரியும். பத்து ரூபாய் காயின் நாலு போட்டால் வயிறு தொங்கி, ஒரு ரூபாய் காயின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். ஆக, ஒரு மூணுகண்ணன் பிறப்பதற்கு முழுசாக ஏழு மணி நேரம்.

மூணுகண்ணன் ஸ்கூலுக்குப் போனான். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கேட்டார்கள். அவர்களின் அம்மாக்கள் கேட்டார்கள். அக்கா ஒன்றுக்கு 150 ரூபாய் என்று விலை வைத்தார். அபார்ட்மெண்ட் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டால் போட இடமும் கிடைத்தது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பம். ஒரு அம்மா பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நூல்ல பின்னுன பர்ஸுக்கு நூத்தம்பதா? ஏம்மா, வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பின்னுறதுதானே... எண்பது போட்டுக் குடு."

அக்கா நூற்று இருபதுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பேரம் பேசியது தப்பில்லை. மார்க்கெட் என்றால் பேரம் இருக்கத்தான் செய்யும். உறுத்தியது அந்த "சும்மா" என்கிற வார்த்தைதான். வெளியாள் சொன்னால் போகட்டும். வீட்டிலும் அதே கதைதான். "என்ன பண்றா?" என்று யாராவது போனில் கேட்டால், "சும்மா உக்காந்து பின்னிட்டிருக்கா" என்றுதான் பதில் போகும்.

ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பார்க்கலாமா? உல்லன் 25 ரூபாய். ஜிப் 10. உள்ளே வைக்கிற துணி 10. தையல் நூல், பாரிமுனை போய் வந்த செலவில் ஒரு பங்கு என்று 5. ஆக 50. பேரமே பேசாமல் 150-க்கு விற்றால் மிச்சம் 100. அதை ஏழு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 14 ரூபாய் சொச்சம். அதாவது, ஒரு மணி நேரம் கண்ணு வலிக்கப் பின்னினால் தோராயமாக ஒரு டீ! பாடப்புத்தகத்தில் மெட்டீரியலுக்குப் பக்கத்திலேயே லேபர் என்று ஒரு வரி இருக்கும். இங்கே அந்த வரியையே யாரும் எழுதவில்லை. எழுதாததால்தான் "லாபம் நூறு ரூபாய்" என்று தெரிகிறது. அது லாபம் இல்லை, கூலி.

இதில் ஒரு வேடிக்கை. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில். 1964-ல் ஆரம்பித்த அந்த எஸ்டேட்டுக்குள் லேத் பட்டறையும் இருக்கிறது, சட்டை தைக்கிற கம்பெனியும் இருக்கிறது. கார்மெண்ட்ஸ் லைனில் எஸ்.ஏ.எம். என்று ஒன்று உண்டு. காலர் வைக்க இத்தனை நிமிஷம், கை வைக்க இத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு தையலுக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருப்பார்கள். பட்டன் தைக்கிற வினாடிக்குக்கூட அங்கே கணக்கு உண்டு. அதே கை, அதே ஊசி வேலை, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் ஏழு மணி நேரம் "சும்மா" ஆகிவிட்டது!

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. நிட்டிங்குக்கு மெஷின் வந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-லேயே செய்துவிட்டார். திருப்பூர் பனியன் எல்லாம் அந்த வம்சம்தான். ஆனால் குரோஷாவை அப்படியே பின்னுகிற மெஷின் இன்றைக்கும் வணிக அளவில் வரவில்லை. அது மாதிரி தோற்றம் தருகிற துணியை மெஷின் நெய்யும், அவ்வளவுதான். அப்படியென்றால், எந்தக் கடையில் எவ்வளவு மலிவாக நிஜமான குரோஷா பொருள் கிடைத்தாலும் அதை எங்கேயோ ஒருத்தர் கையால்தான் பின்னியிருக்கிறார். மலிவு என்பது மெஷினால் வந்த மலிவு இல்லை. யாரோ ஒருத்தருடைய நேரத்தைக் கணக்கில் சேர்க்காததால் வந்த மலிவு.

இது அம்பத்தூர் அக்காவின் கதை மட்டும் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நர்சாபூர் என்று ஒரு ஊர். 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே பெரிய தொழிலாகி, வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதியானது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் பார்த்தது என்ன? தினமும் மணிக்கணக்காகப் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றே சொன்னார்கள். அதனால் கூலியும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது. வியாபாரம், ஏற்றுமதி எல்லாம் ஆண்கள் கையில். 2024-ல் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் பேருக்கு மரியாதை வந்தாச்சு. விரலுக்கு வரவேண்டியது பாக்கி.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்ம பக்கம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, தலையணை மாதிரி ஒன்றின் மேல் வைத்துப் பின்னுகிற வேறு வகை. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். ஊசி வேலைக்கு ஒழுங்காகக் கூலி கிடைத்தால் அதற்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

திறமைக்கும் இங்கே பஞ்சமில்லை. 2016 ஜனவரி 31-ம் தேதி சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னியதை எல்லாம் ஒன்று சேர்த்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு போர்வை விரித்து கின்னஸ் சாதனை பண்ணியது. ரெண்டே முக்கால் ஏக்கர் போர்வை! அத்தனையும் கையால்.

சரி, அக்கா என்ன பண்ணினார்? சண்டை போடவில்லை. பழைய கம்பெனி புத்தியைக் கிளப்பினார். செல்போனில் நேரம் பார்த்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். கையும் காலும் தைக்கிறதுதான் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தது. தூக்கிவிட்டார். ஏழு மணி நேரம் அஞ்சு மணி நேரமாச்சு. விலையை 250 ஆக்கினார். ஒவ்வொரு கொம்பிலும் ஒரு சின்ன அட்டை கட்டித் தொங்கவிட்டார். அதில் ஒரே வரி: "கையால் பின்ன 5 மணி நேரம்."

முன்னே மாசம் பத்து போனது, இப்போது ஆறுதான் போகிறது. "பாத்தியா, விலையை ஏத்துனதும் யாவாரம் படுத்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர். அக்கா காலண்டர் தாளைக் காட்டினார். முன்னே எழுபது மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய். இப்போது முப்பது மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு. அவர் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மணிக்கு நாற்பது ரூபாய் என்பதும் பெரிய சம்பளம் இல்லைதான். ஆனால் லேபர் என்கிற வரி முதல் தடவையாகக் கணக்கில் ஏறிவிட்டது.

ஸ்டாலில் ஒரு பொடியன் மட்டும், "கால் இல்லாம எப்படி ஆன்ட்டி நடப்பான்?" என்று கேட்டான். "அவன் எதுக்குடா நடக்கணும்? உன் பைக்குள்ளயே உக்காந்து வருவான்" என்றார் அக்கா. பொடியன் சமாதானமாகிவிட்டான். அவன் அம்மா அட்டையைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பேரம் பேசாமல் வாங்கிப்போனார்.

போன வாரம் வீட்டுக்காரருக்கு அவசரமாக ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தேவைப்பட்டது. மேசை மேல் இருந்த மூணுகண்ணனை, கை கால் எல்லாம் உள்ள அந்தப் பழைய மூணுகண்ணனை, எடுத்து ஜிப்பைத் திறக்கப் போனார். ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னது:

"அப்பா, கேட்டுட்டு எடு. சும்மா இருக்கான்னு நினைக்காத. அவன் வேலை பாத்துட்டிருக்கான்."