சூடு வைத்த மீட்டர்

"மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்" என்று சென்னையில் ஓர் ஆட்டோக்காரர் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. மீட்டர் என்று ஒன்று உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்கிறாரே! 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் வருகிற வண்டி கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஆட்டோவில் வேடிக்கை பார்க்கத் தெரியாது. எழும்பூரில் ரயிலிறங்கி மாம்பலம் சேரும்வரை கண் மீட்டரில்தான். கைப்பிடியைத் திருப்பிக் கவிழ்க்கும் பழைய இரும்பு மீட்டர். அடுத்த எண் பாதி தலைகாட்டும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். ஒருமுறை ஜெமினி மேம்பாலம் வருவதற்குள் எண்கள் அவரை முந்திவிட்டன. "இது சூடு வச்ச மீட்டர்டா" என்று என் காதில் சொன்னார், ஓட்டுநருக்கும் கேட்கும்படி. மாட்டுக்குத்தான் சூடு வைப்பார்கள் என்று நினைத்திருந்த நான், அந்தப் பெட்டியில் தழும்பைத் தேடினேன். ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "மீட்டர் ஒழுங்காத்தான் ஓடுது பெரியவரே, ரோடுதான் நீண்டுபோச்சு." அப்பா பேரம் பேசாமல் முழுத்தொகையும் கொடுத்தார். அந்தப் பதிலுக்குக் கொடுத்த காசு என்றே நினைக்கிறேன்.

வீட்டு கரண்ட் மீட்டரிடம் இந்த வாய்ச்சவடால் எல்லாம் செல்லாது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை நெருங்கும்போது ஃபேனை நிறுத்துகிற வீடுகள் உண்டு. தாண்டினால் கணக்கே வேறு.

சினிமாக்காரர்களுக்கோ பாட்டு "மீட்டர்ல உக்காரணும்". சந்தம் என்று லட்சணமான சொல் கைவசம் இருந்தும் மீட்டர்தான். போகட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் மீட்டர் வட்டியில். தவணை தவறிய நிமிடத்திலிருந்து, இறங்க முடியாத ஆட்டோ மாதிரி, தூங்கும்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் வட்டி. யார் வைத்த பெயரோ, கடன் வாங்கி அவதிப்பட்டவர் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றோடு இந்தத் தெருச் சொல்லும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தில் அப்படியே ஏறியிருக்கிறது. மீட்டர் வட்டி வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.