பதிவு வேறு, அனுமதி வேறு

நெய்வேலி நகரியத்துக்குள் பேருந்து ஏறி யார் வேண்டுமானாலும் வரலாம். மெயின் பஜாரில் காய்கறி வாங்கலாம். புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் அரங்கு அரங்காகச் சுற்றலாம். சுரங்கத்தின் வாயிலில் மட்டும் கதை வேறு. அங்கே மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் நிற்பார்கள். கேட் பாஸ் இல்லாமல் ஒரு அடி உள்ளே வைக்க முடியாது.

வேலைக்குப் பெயர் பதிவாகிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி, பயிற்சி முடித்த பிறகுதான் ஒருவர் சுரங்கத்தில் வேலை செய்யலாம். ஆக, பதிவு வேறு, அனுமதி வேறு.

கணினியிலும் இதே கதைதான். ஒரு இணையதளத்தின் சில பக்கங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைக்கும்போது, வழங்கி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதல் கேள்வி, 'நீ யார்?' பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இதற்குத்தான். இரண்டாவது, 'இந்தப் பக்கம் உனக்கு உரியதா?' முதல் கேள்விக்குப் பதில் சொல்லாதவருக்கு 401 என்ற பிழை எண் வரும். ஆள் யாரென்று தெரிந்தும் உரிமை இல்லையென்றால் 403 வரும்.

இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1961ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை உருவாக்கியது. அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கக் கடவுச்சொல் வந்தது. 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி கணினியிடமே கேட்டார். அதுவும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! அவர் பதிவு செய்த பயனர்தான். அந்தக் கோப்பு அவருக்கு உரியதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிறகு வந்த யுனிக்ஸ் அமைப்பு இதை ஒழுங்கு செய்தது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று வகை ஆட்கள். படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமைகள். இதை நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால், நிறுவனம் உரிமையாளர், தொழிலாளர்கள் குழு, மீதிப் பேர் மற்றவர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரரும் அந்த 'மற்றவரில்' ஒருவர்தான். ஒரு காலத்தில் அந்த மண்ணுக்கே அவர் உரிமையாளர் என்பது வாயிலில் இருக்கும் பட்டியலுக்குத் தெரியாது. எழுதியவர் என்ன எழுதினாரோ அதைத்தான் பட்டியல் செய்யும்.

படிப்பு விஷயத்திலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகள் பெரும்பாலும் சந்தா கட்டியவர்களுக்குத்தான் திறக்கும். இதற்காக மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் 2025 ஜனவரி 1ல் தொடங்கியபோது அரசு நடத்தும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான் இடம் இருந்தது. தனியார் கல்லூரிகள் பட்டியலில் இல்லை.

நெய்வேலியில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மாணவிகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அது அரசுப் பல்கலைக்கழகம், தகுதி உண்டு. இன்னொருத்தி பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். பழுப்பு நிலக்கரி பற்றிய ஒரே கட்டுரை இருவருக்கும் தேவைப்படுகிறது. அவள் யாரென்று நிரூபித்தாலும் அந்தப் பட்டியலில் அவளுக்கு இடமில்லை. கிட்டத்தட்ட 403 மாதிரிதான்.

இத்திட்டத்தை நடத்தும் இன்ஃபிளிப்நெட் மையமே 'சோத்கங்கா' என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தையும் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அங்கே யாரும் படிக்கலாம். ஆகவே திறந்து வைப்பதும் பூட்டி வைப்பதும் தொழில்நுட்பத்தின் விதி இல்லை, மனிதர்கள் எடுக்கும் முடிவு.

சுரங்க வாயிலில் ஏன் தடுக்கிறார்கள் என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும்: உள்ளே உயிருக்கு ஆபத்து. நோயாளியின் மருத்துவக் குறிப்பு, ஊழியரின் சம்பளச் சீட்டு, மாணவரின் மதிப்பெண் இவற்றைப் பூட்டுவதற்கும் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பாடத்திட்டத்தையும் பொது அறிவிப்பையும் ஏன் பூட்ட வேண்டும்? இணையதளம் உருவாக்கும் நண்பர்கள் ஒவ்வொரு பூட்டுக்கும் முன்னால், 'இதைத் திறந்து வைத்தால் யாருக்கு என்ன கெடுதல்?' என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பதில் கிடைக்கவில்லையா? அந்தப் பக்கத்தைத் திறந்தே வைக்கலாம்.