பாடு ஒருவருக்கு, பட்டா ஒருவருக்கு

ஆகஸ்ட் 5

காலையிலிருந்தே இ-சேவை மையத்தில் கூட்டம். விவசாயிகளுக்கான பி.எம். கிசான் உதவித்தொகைத் தவணை ஏறியிருக்கிறது. "நமக்கு வந்துடுச்சா, பாரும்மா" என்று ஆளுக்கு ஆள் ஆதார் அட்டையை நீட்டுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய், வருஷத்துக்கு 6,000. 2019-இல் தொடங்கியபோது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். அந்த ஆண்டே அந்த வரம்பு போய்விட்டது.

அரசு விலையில் டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு டி.ஏ.பி.யும் இரண்டு யூரியாவும் வாங்கினால் தவணை கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஆனாலும் சம்பாவுக்கு நாற்று விடும் நேரத்தில் கடன் சொல்லாமல் உரம் வாங்க முடிகிறதே, எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் அது பெரிய விஷயம்.

செப்டம்பர் 12

மேலத்தெருப் பெரியம்மாவுக்குப் பணம் நின்றுபோயிருந்தது. இ-கேஒய்சி முடிக்கவில்லை. வயல் வேலையில் தேய்ந்த விரல். எத்தனை முறை வைத்தாலும் ரேகை விழவில்லை. முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023-இல் செயலியில் வந்தது. அதில் முடித்துக் கொடுத்தேன்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது அம்பலமாகி, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. களையை எடுக்கத்தான் வேண்டும். அதோடு பயிரும் வந்துவிடக் கூடாது.

அக்டோபர் 8

கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்கிற அண்ணன் ஒருவர் வந்தார். பதிவு செய்ய வழியில்லை. பட்டா கோயில் பெயரில். நிறுவனங்களின் நிலத்துக்கு இத்திட்டத்தில் பணம் கிடையாது, குத்தகைதாரருக்கும் கிடையாது. அந்த வயலுக்கு ஒரு பைசா வராது.

தனியார் நிலத்திலும் இதே கதைதான். உடையவர் வெளியூரில் இருந்தாலும், வருமான வரி கட்டாதவராக இருந்தால் தவணை அவருக்குப் போகும். சேற்றில் இறங்குகிறவருக்கு இல்லை.

"உழுதது நான், நட்டது நான், தண்ணி கட்டுறதும் நான். வெவசாயி லிஸ்டுல மட்டும் நான் இல்லியாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

நவம்பர் 10

பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு நடக்கிறது. அதே அண்ணன் வி.ஏ.ஓ.விடம் சாகுபடியைக் காட்டும் அடங்கல் வாங்கி வந்தார், பதிவு செய்தேன். இங்கே குத்தகைதாரரும் விவசாயிதான். ஒரே வயல், ஒரே ஆள், இரண்டுமே மத்திய அரசின் திட்டங்கள். காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டும்போது விவசாயியாக இருப்பவர், உதவித்தொகை என்றதும் எப்படி இல்லாமல் போவார்?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஒடிசா 2018 இறுதியில் அறிவித்த காலியா திட்டத்தில் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. மேற்கு வங்கத்தின் கிருஷக் பந்து, பதிவு பெற்ற வாரச் சாகுபடிதாரருக்கும் பணம் தருகிறது. நம்மிடமோ குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தப் பதிவேட்டை நிறைவாக்கி, அடங்கலையும் ஆதாரமாக ஏற்றுக்கொண்டால் போதும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குத்தகையை எழுத்தில் கொடுங்கள், பதிவுக்குத் தடை சொல்லாதீர்கள். அரசிடம் ஒரு வேண்டுகோள்: விவசாயிக்கு என்று ஒதுக்கிய பணத்தை, விவசாயம் செய்கிறவர் கையில் கொடுங்கள்.