‘ஆன்’ என்றால் எது ஆன்?

லினக்ஸில் கணக்கீடு செய்யும் ஆய்வு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு.

எங்கள் ஆய்வகக் கணினியின் வரைகலை அட்டை, சிறிது ஓய்ந்தால் மீண்டும் விழிப்பதில்லை. இரவில் வரிசையில் இட்ட கணக்கீடுகள் காலையில் தொடங்காமலே கிடந்தன. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ‘டி3கோல்ட்’ நிலையிலிருந்து ‘டி0’ நிலைக்கு மாற இயலவில்லை என்றது கெர்னல் பதிவு. அதாவது, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து அட்டை எழவில்லை.

‘சிஸ்’ கோப்பகத்தில் ஒவ்வொரு பிசிஐ கருவிக்கும் ‘பவர்’ என்னும் அடைவும், அதனுள் ‘கன்ட்ரோல்’ என்னும் கோப்பும் உண்டு. அதில் ‘ஆட்டோ’ என்றிருந்தால், வேலையற்ற கருவியைக் கெர்னல் உறங்கவைக்கலாம். ‘ஆன்’ என்றிருந்தால் கருவி எப்போதும் விழித்திருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான்: ‘ஆன்’ என்பது மின்சேமிப்பைக் குறிப்பதன்று, கருவியைக் குறிப்பது.

கணினியை மறுதொடக்கம் செய்து, அந்த ஒன்றை மட்டும் ‘ஆன்’ என மாற்றினோம், சிக்கல் நின்றது. பல அமைப்புகளை ஒருசேர மாற்றியிருந்தால் காரணம் விளங்கியிராது. இம்மாற்றம் அடுத்த மறுதொடக்கம் வரைதான். நிலைத்திருக்க ‘யூடெவ்’ விதி ஒன்று எழுத வேண்டும். விழித்திருக்கும் அட்டை சும்மா இருக்கையிலும் மின்சாரத்தைச் செலவிடும். அந்த விலையை அறிந்தே கொடுக்கிறோம்.

இத்தகைய மாற்றங்களை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்து அந்தக் கணினியின் முன் அமர்பவர் அதே இரவுகளை இழக்க வேண்டியதில்லை.