வெறுங்கூடையோடு வீடு திரும்பிய நாள்

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஜ்ர் தொழுகையை முடித்துக்கொண்டு தருமபுரியிலிருந்து ஒகேனக்கலுக்குப் புறப்பட்டோம். அத்தாவும் நாங்கள் அண்ணன் தம்பி இருவருமாக மூன்று பேர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அத்தா வீட்டு வாசலைத் தாண்டி எங்கும் சென்றதில்லை. உணவிலும் நாட்டம் குறைந்திருந்தது. இளமையில் காவிரியில் தூண்டில் போட்டவர் அவர். அந்த ஆசையைச் சொல்லித்தான் அழைத்துச் சென்றோம். "மீனோட வாங்க, மசாலா அரைச்சு வைக்கிறேன்" என்று அம்மா வழியனுப்பினார்.

பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கியதும் ஆறு தெரிந்தது. ஆடியில் பாறைகளை மூடிக்கொண்டு பாயும் காவிரி, மாசியில் இளைத்துப் பாறைகளை வெளியே காட்டிக்கொண்டிருந்தது. நீர் குறைந்து தெளிந்துவிட்டால் பெரிய மீன்கள் ஆழமான மடுக்களில் ஒதுங்கிவிடும். ஆளின் நிழல் பட்டாலே விலகும். இவை யாவும் அத்தா அறிந்தவையே. ஆயினும் வந்தார்.

அருவிக்கு அப்பால், நீர் அமைதியாக ஓடும் பகுதிக்குப் பரிசலில் சென்றோம். மூங்கிலால் பின்னி, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டித் தார் பூசிய பரிசல் அது. முற்காலத்தில் தோல் போர்த்துவார்களாம். பரிசல்காரர் முந்தைய மாலை விரித்திருந்த தம் வலையை வழியிலேயே தூக்கிப் பார்த்தார். விரல் நீளக் கெண்டைகள் நான்கு. "ஆத்துக்கு இன்னைக்கு மனசில்ல, பாய்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் வலையை மடித்த கைகளில் அந்தச் சிரிப்பு இல்லை.

மண்புழு, மாவுருண்டை இரண்டும் தீர்ந்தன. லுஹர் வரை ஒரு மீனும் தூண்டிலைத் தொடவில்லை. ஆற்றிலேயே உளூச் செய்து, கரைப்பாறை மீது தொழுதோம். அத்தா அமர்ந்தபடி தொழுதார். மூஸா நபியின் பயணத்தில் மீன் நழுவிப் போன இடமே அவர் தேடிய இடமாயிற்று என்று கஹ்ஃபு அத்தியாயத்தில் ஓதுகிறோம். எங்களுக்கு அப்படி ஏதும் புலப்படவில்லை. பசிதான் எடுத்தது.

கரையேறியதும் பரிசல்காரர் பேசிய கூலியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நீட்டினார். மீன் கிடைக்காத நாளில் முழுக்கூலி வாங்க மனம் வரவில்லையாம். எங்களுக்கு அது ஒரு ஞாயிறு. அவருக்கோ அது அன்றைய அடுப்பு. "துடுப்பு போட்டது நீங்க. மீனைக் கொடுக்கிறது உங்க கையிலயா இருக்கு?" என்று அத்தா அவர் கையை மூடிவிட்டார்.

மீன் கடைகளைக் கடக்கையில் தம்பி மெல்லக் கேட்டான்: "ரெண்டு கிலோ வாங்கிக்கலாம் அத்தா. நாம பிடிச்சதுன்னு சொல்லிக்கலாம்." உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தது.

"வாங்கலாம். ஆனா வாங்கினதுன்னு சொல்லணும்" என்றார் அத்தா. அதற்குப் பிறகு வாங்கும் ஆவல் எவருக்கும் இல்லை.

வீட்டில் அம்மா கூடையை எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அரைத்து வைத்த மசாலாவில் உருளைக்கிழங்கைப் புரட்டி வறுத்தார். அத்தா, எந்த மடுவில் எந்த ஆண்டு எவ்வளவு பெரிய வாளை பிடித்தார் என்று சொல்லிக்கொண்டே, இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.