றிவஸ்டன் மலைப்பாதையில் ஒரு மினி வண்டி

மாத்தளை நகரிலிருந்து றத்தோட்டைக்குச் செல்லும் பாதை றத்தோட்டையோடு நின்றுவிடுவதில்லை. கராம்பும் சாதிக்காயும் மிளகும் மணக்கும் தோட்டங்களைக் கடந்து, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறி, றிவஸ்டன் கணவாயைத் தாண்டி, இலுக்கும்புறைக்கும் லக்கலைக்கும் அது செல்கிறது. மாத்தளையிலிருந்து றிவஸ்டன் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தூரம் சிறிதுதான், எனினும் வண்டிக்கும் சாரதிக்கும் அது ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சைக்கு என்னை அழைத்துச் சென்றவர் என் அயலவரான ஒரு முதியவர்; தோட்டமொன்றில் தலைமை இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். 1960களின் முற்பகுதியைச் சேர்ந்த சாம்பல் நிற ஒஸ்டின் மினி ஒன்று அவரிடம் உண்டு. தோட்டத்துத் துரை ஒருவர் தாயகம் திரும்பும்போது விற்றதை இவருடைய தகப்பனார் வாங்கினாராம். இப்போது கொழும்பிலிருந்து ஒருவர் அதற்கு நல்ல விலை பேசியிருந்தார். சிவப்பு வர்ணமும் வெள்ளைக் கூரையும் பூசி, முன்னே விளக்குகளை வரிசையாகப் பொருத்தி, மொண்டே கார்லோவில் வென்ற வண்டியைப் போலாக்குவது அவருடைய எண்ணம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோ, "கொடுத்துவிடுங்கள், அப்பா" என்கிறார்கள்.

"மலையை இன்னும் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன், மாஸ்டர்" என்றார் பெரியவர்.

மினியின் வரலாறு சுவையானது. 1956இல் சுயெஸ் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று பி.எம்.சி. நிறுவனம் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரைப் பணித்தது. ஸ்மிர்னா நகரிற் பிறந்த இவர் யந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்; கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே எண்ணெய்த் தொட்டிக்குள் அமைத்தார்; முன்சக்கரங்களையே உந்தச் செய்தார். பத்தடி நீள வண்டியில் நால்வர் தாராளமாக அமர முடிந்தது. 1959 ஆகஸ்டில் வெளிவந்தபோது அதன் யந்திரம் 848 சீ.சீ. மட்டுமே. பந்தயக் கார்களை அமைத்துப் புகழ்பெற்ற ஜோன் கூப்பர் அதன் திறமையைக் கண்டுகொண்டார். 1961இல் மினி கூப்பரும், 1963இல் அதனினும் வலிய கூப்பர் எஸ்ஸும் பிறந்தன.

ராலி என்பது மைதானத்தைச் சுற்றி ஓடும் பந்தயமன்று. மக்கள் நடமாடும் பாதைகளில், இரவிலும் பனியிலும், கடிகாரத்தோடு நடத்தும் போட்டி அது. தொழிற்சாலையே தன் செலவில் வண்டிகளைச் செப்பனிட்டு, சாரதிகளை அமர்த்தி அனுப்புவதும் உண்டு. பி.எம்.சி.யின் அத்தகைய பிரிவு அபிங்டன் என்ற சிற்றூரில் இயங்கியது. மினி கூப்பருக்கு முதற் பெரிய சர்வதேச வெற்றியைத் தேடித்தந்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் மாணவிகள் அறிய வேண்டும். 1962இல் ஒல்லாந்தின் டியூலிப் ராலியில் வென்ற பட் மொஸ் அவர்.

மொண்டே கார்லோ வெற்றிகள் பின்னர் வந்தன. 1964இல் பாடி ஹொப்கேர்க், மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்டு, 33 ஈ.ஜே.பி. என்ற இலக்கமுடைய வண்டியில் முதலிடம் பெற்றார். 1965இல் பனிப்புயலுக்கிடையே 237 வண்டிகள் கிளம்பி 35 மட்டுமே முடிவுக்கு வந்தன. வென்றவர் பின்லாந்துக்காரரான டிமோ மகினன். 1966இல் முதல் மூன்று இடங்களும் மினிகளுக்கே கிடைத்தன. பரிசோதகர்கள் அவற்றைப் பல மணி நேரம் பிரித்து ஆராய்ந்தும் யந்திரத்திற் குற்றம் காணவில்லை. ஈற்றில், முன்விளக்குகளின் குமிழ்கள் விதிக்கு ஒவ்வாதவை என்று கூறி மூன்றையும் தள்ளிவிட்டார்கள். வெற்றி ஒரு சித்திரோவன் வண்டிக்குச் சென்றது. மாணவன் நூறு புள்ளிகளுக்கு விடையெழுத, எழுதிய மையின் நிறம் சரியில்லை என்று தாளை ஒதுக்குவது போன்ற செயல் அது என்பது என் அபிப்பிராயம். அடுத்த ஆண்டே ரௌனோ ஆல்டோனன் மினியில் மீண்டும் வந்து சில விநாடிகள் வித்தியாசத்தில் வென்றார்.

இவற்றைச் சொல்லிக்கொண்டே றத்தோட்டையைத் தாண்டினோம். கொண்டையூசி வளைவுகள் தொடங்கின. பின்லாந்துச் சாரதிகள் வலது காலை விசைமிதியிலிருந்து எடுக்காமலே இடது காலாற் பிறேக்கை அழுத்துவார்களாம். முன்சக்கரங்கள் உந்திக்கொண்டிருக்கையில் பின்சக்கரங்கள் மட்டும் தளர்ந்து வழுக்க, வண்டியின் மூக்கு வளைவுக்குள் தானாகத் திரும்பும். இதைக் கேட்ட பெரியவர், "எனக்கு இரண்டு காலும் முழங்கால் வாதம்" என்று சொல்லி, இரண்டாம் கியரில் நிதானமாக ஏற்றினார். மினியின் றேடியேட்டர் பக்கவாட்டில் இருப்பதால் மெல்ல மலையேறும்போது சூடு மிகும். இருமுறை நிறுத்தி ஆறவைத்தோம்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே மூடுபனி மழையாக மாறியது. யந்திரம் இருமி, நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறி ஒலியெழுப்பியது. ஒரு பக்கம் பள்ளம். உண்மையிலேயே பயந்துபோனேன். பெரியவரோ சாவதானமாக இறங்கி மூடியைத் திறந்தார். மினியின் மின்பகிர்வுப் பெட்டி முன்கிராதிக்கு நேர் பின்னே இருப்பதால் மழைநீர் அதிற் படும். பிறப்பிலேயே உள்ள குறை இது. பழைய ரப்பர்க் கையுறையை அதற்குக் கவசமாக மாட்டியிருந்தார், அது கிழிந்திருந்தது. வேட்டி நுனியால் ஈரத்தைத் துடைத்து, பொலித்தீன் பை ஒன்றைச் சுற்றிக் கட்டினார். வண்டி கிளம்பிற்று.

றிவஸ்டனில் காற்று கதவைத் திறக்க விடவில்லை. தும்பறை மலைத்தொடர் முழுவதும் முகிலுக்குள் மறைந்திருந்தது. வண்டிக்குள்ளேயே இருந்து சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து தேநீர் பருகினோம்.

"அந்த 33 ஈ.ஜே.பி. இப்போது எங்கே?" என்று கேட்டார்.

இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள நூதனசாலையில் இருக்கிறது என்றேன். அபிங்டன் பிரிவு 1970இல் மூடப்பட்டதையும், பழைய மினியின் உற்பத்தி 2000ஆம் ஆண்டில், ஐம்பத்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளோடு முடிவுற்றதையும் கூறினேன். இன்னொன்றையும் மறைக்கவில்லை. ராலி வண்டிகள் அடிபட்டுச் சிதையும்போது அபிங்டனில் உடலையே மாற்றி, பழைய இலக்கத்தகட்டைப் புதிய உடலுக்குப் பூட்டிவிடுவது வழக்கம். ஆகவே, தொழிற்சாலை ராலி வண்டிகளுள் எது அசல் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் வழக்கு உண்டு.

பெரியவர் சிரித்தார். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. 1977 வரை உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. அக்காலத்தில் மாத்தளையில் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் கடைந்து கொடுத்தவை எவை, தகரம் வெட்டி ஒட்டிய கதவடி எது, லொறியிலிருந்து கழற்றிச் சேர்த்தது எது என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "அசல் என்று பார்த்தால் இதில் துரையுடையது ஸ்டியரிங் மட்டுந்தான், மாஸ்டர்."

2020 முதல் சுமார் ஐந்தாண்டுகள் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. பேசப்பட்ட தொகை அவருடைய ஓய்வூதியத்துக்குப் பெரிய தொகையே. ஆதலால் நான் எந்த ஆலோசனையும் கூறவில்லை.

இறங்கும்போது றத்தோட்டைத் தேநீர்க் கடையில் நிறுத்தி, கொழும்புக்காரருக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இது கூப்பர் அல்ல. 848 சீ.சீ. வெறும் மினி. ராலி எதுவும் ஓடியதில்லை. மழையில் நின்றுவிடும். சாம்பல் நிறத்தை மாற்றாமல் வைத்திருப்பதென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். விலையில் கொஞ்சம் குறைத்தும் தருகிறேன்" என்றார்.

மறுமுனையில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்களாம். பெரியவர் அடுத்த கடைக்குச் சென்று ஒரு சோடி ரப்பர்க் கையுறை வாங்கிக்கொண்டு வந்தார்.